கணக்குக் கேட்டால் கோபம் ஏன்?

தாம்பரத்தில் ரயிலடிக்குக் கிழக்கே ஒரு படிப்பகத்தின் திண்ணையில் நாமும் இரண்டொரு தோழர்களும் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் ஒரு சிலேட்டும் பலப்பமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வருகின்றவர்கள் கேட்கும் கணக்குகளுக்கு நமக்குத் தெரிந்த மட்டில் பதில் சொல்லிவருகின்றோம். இதைப்பற்றி இரண்டு பக்கத்திலிருந்து இரண்டுவிதமான ஆட்சேபணைகள் கிளம்பியிருக்கின்றன. ஒன்று நமது தோழர்களிடமிருந்தே வந்திருக்கின்றது. அதாவது, "ஊரெங்கும் மூடநம்பிக்கை மலிந்து கிடக்கையில், அதைக் கண்டித்துக் கூட்டம் போடுவதை விட்டுவிட்டு, சதவிகிதமும் பின்னமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பது வாத்தியார் வேலையே ஒழியப் பிரசார வேலையாகுமா?" என்பதாகும். மற்றொன்று உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கனவானிடமிருந்து வந்தது. அவர் நேரிலேயே வந்து, சிலேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன பட்டம் இருக்கிறது? கணக்கு என்பது எல்லாருக்கும் வரக்கூடியதா? அதற்கென்று ஒரு மூளை வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நமக்குப் பட்டம் கிடையாது என்பது வாஸ்தவமே. நாம் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். அதற்குமேல் தெரிந்ததெல்லாம் பழைய புத்தகக்கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்களிலிருந்தும், தெரிந்தவர்களை நச்சரித்துக் கேட்டதிலிருந்தும் தெரிந்துகொண்டதேயாகும். ஆனால் "எல்லாருக்கும் வரக்கூடியதா" என்று அந்தக் கனவான் கேட்டாரே, அந்தக் கேள்வியை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கின்றோம். வேதம் எல்லாருக்கும் வருமா, சங்கீதம் எல்லாருக்கும் வருமா, உத்தியோகம் எல்லாருக்கும் வருமா என்று கேட்டவர்களின் வாயும் இதே வாய்தான். ஆகையால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்லவேண்டியிருக்கின்றது.

முதலில் நமது திண்ணைக்கு வருகின்றவர்கள் யார், என்ன கேட்கின்றார்கள் என்பதைச் சொல்லுகின்றோம். முடிச்சூரிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். மனை வாங்க முன்பணம் கொடுக்கப் போகின்றார். தரகர், "ஐந்து சென்ட் என்றாலும் ஒரு கிரவுண்டு என்றாலும் எல்லாம் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான்" என்று சொன்னாராம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் 2,178 சதுர அடி. கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. வித்தியாசம் 222 சதுர அடி. அதாவது ஏறக்குறையப் பதினைந்தடிக்குப் பதினைந்தடி ஓர் அறை தரகரின் "எல்லாம் ஒன்றுதான்" என்ற ஒரு வார்த்தையில் மறைந்துபோய்விட்டது. அந்தக் கொத்தனாருக்குக் கணக்கு வராது என்று யாராவது சொல்லமுடியுமா? அவர் கயிற்றில் மூன்றடி, நான்கடி, ஐந்தடி அளந்து முக்கோணமாக இழுத்து மூலைமட்டம் பிடிக்கின்றவர். பள்ளிக்கூடத்தில் பித்தாகரஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பயமுறுத்துகின்ற சங்கதியை அவர் தினம் காலை ஏழு மணிக்குச் செய்துவிட்டுப் பீடி பற்றவைக்கின்றார். சென்ட் என்ன, கிரவுண்டு என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொருவர் துணிக்கடையில் "50 சதவிகிதத் தள்ளுபடி, அதற்குமேல் 20 சதவிகிதத் தள்ளுபடி" என்று போட்டிருப்பதைப் பார்த்து எழுபது தள்ளுபடியா என்று கேட்டார். அறுபதுதான். பாதி போன பிறகு மிஞ்சிய பாதியில்தானே இருபது குறைப்பான்.

நிற்க. இப்போது நாம் ஒரு பூக்கார அம்மாளின் கணக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். இதில் தோற்றுப்போனது நாமாகையால் இதை மறைக்காமல் சொல்வதே யோக்கியமாகும்.

அந்த அம்மாள் சேலையூர்ப் பக்கத்தில் பூ விற்கின்றவர். தண்டல்காரனிடம் பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கியிருக்கின்றார். கையில் கொடுத்தது ஒன்பதாயிரம். ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டான். அவர் நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். "இதுல வட்டி எவ்வளவு சார்?" என்று கேட்டார். தண்டல்காரன் "பத்து வட்டிதான்" என்று சொல்லியிருக்கின்றான். நம்முடன் இருந்த ஒரு வாலிபத் தோழர் தமது செல்போனை எடுத்து ஆயிரத்தை ஒன்பதாயிரத்தால் வகுத்து, பதினோரு சதவிகிதத்துக்குச் சற்று மேல் என்றார். நாமும் அதைச் சிலேட்டில் எழுதி, நூறு நாளைக்குப் பதினொன்றானால் வருஷத்துக்கு நாற்பது சதவிகிதம் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னோம்.

அந்த அம்மாள் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் சார், மொத நாள்லேர்ந்தே நூறு ரூபா திருப்பிக் குடுத்துக்கிட்டே வர்றேனே. அம்பதாம் நாளு எங்கிட்ட பாதிப் பணம்தானே இருக்கும்? வட்டி மட்டும் முழுசுக்கும் போட்டா எப்படி?" என்றார்.

நமக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஒன்பதாயிரம் அவரிடம் நூறு நாளும் இருக்கவேயில்லை. முதல் நாள் ஒன்பதாயிரம், கடைசி நாள் ஒன்றுமில்லை. சராசரியாகப் பார்த்தால் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயைத்தான் அவர் நூறு நாள் உபயோகித்திருக்கின்றார். அதற்கு ஆயிரம் ரூபாய் வட்டி. அதாவது நூறு நாளைக்கு 22 சதவிகிதத்துக்கு மேல். வருஷக் கணக்கில் 81 சதவிகிதம்! தண்டல்காரன் சொன்னது பத்து. நாம் சொன்னது நாற்பது. உண்மை எண்பத்தொன்று. சில இடங்களில் பத்தாயிரத்துக்கு எட்டாயிரத்து ஐந்நூறுதான் கையில் தருகின்றார்கள். அதே வழியில் போட்டுப் பார்த்தால் அது வருஷத்துக்கு 128 சதவிகிதத்தைத் தாண்டுகின்றது. நாள் வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுப்பதற்குத் தமிழ்நாட்டில் 2003-ல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். "பத்து வட்டி" என்று சொல்லுகின்றவனைப் பார்த்து, "இல்லை, எண்பத்தொன்று" என்று சொல்ல வாய் இருக்கவேண்டாமா? அந்த வாய்க்குக் கணக்குத்தானே வேண்டும்?

இந்தச் சம்பவத்தில் வேறொரு விஷயமும் இருக்கின்றது. செல்போன் பொய் சொல்லவில்லை. ஆயிரத்தை ஒன்பதாயிரத்தால் வகுத்தால் அது சொன்னதுதான் வரும். எதை எதனால் வகுக்கவேண்டுமென்று தெரியாமற்போனது நமது பிசகு. "எல்லார் கையிலும் கணக்குப் போடும் கருவி வந்துவிட்ட காலத்தில் சிலேட்டு எதற்கு?" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகின்றோம்.

இதனினும் பெரிய விஷயம், அந்த அம்மாள் நம்மைத் திருத்தினார், நாம் திருந்தினோம் என்பது. அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நாம் திண்ணைமேல் இருந்தோம், அவர் கீழே நின்றுகொண்டிருந்தார். இருந்தும் அவர் சொன்னது சரியாயிருந்ததால் நாம் சொன்னது அழிக்கப்பட்டது. புராணப் பிரசங்கம் நடக்குமிடத்தில் ஒரு பூக்கார அம்மாள் எழுந்து, "சாமி, இது பொருந்தலையே" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. கணக்கில் மாத்திரம் கேட்டவனே பதிலைச் சரிபார்த்துக்கொள்ளலாம். சொன்னவன் யார் என்பது அங்கே கணக்கிலேயே சேராது. பகுத்தறிவுப் பிரசாரம் வேண்டுமென்கின்ற நமது தோழர்களைக் கேட்கின்றோம்: ஒன்றரை மணி நேரம் நாம் ஒலிபெருக்கியில் கத்தினாலும், "பெரியவர்கள் சொன்னதை நானே சோதித்துப் பார்ப்பேன்" என்ற எண்ணம் அந்த அம்மாளுக்கு இவ்வளவு உறுதியாக ஏற்பட்டிருக்குமா?

இனி, ஜனங்கள் கணக்கைக் கண்டு பயப்படுவதற்குக் காரணம் என்னவென்று பார்ப்போம். பிறவியிலேயே அந்தப் பயம் வருவதாக நாம் நம்பவில்லை. நாம் ஐந்தாவது படிக்கும்போது நமது உபாத்தியாயர் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுப் பெருக்கவேண்டும் என்றார். ஏன் என்று கேட்டோம். பிரம்புதான் பதில். அந்தத் தலைகீழுக்குக் காரணம் நமக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அரைப்படிக்குள் கால்படி எத்தனை இருக்கின்றது என்று கேட்டால் இரண்டு என்று எந்த எண்ணெய்க்காரரும் சொல்வார். வகுத்தல் என்பது அந்தக் கேள்விதான். ஒரு படிக்குள் கால்படி நான்கு. ஆகவே அரைப்படிக்குள் நான்கில் பாதி. கால் தலைகீழாகி நான்கானது இப்படித்தான். பிரம்பு எடுக்கின்ற நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த உபாத்தியாயருக்கும் யாரும் சொல்லவில்லை போலும்! தெரியாததை மறைக்க எங்கும் உபயோகமாவது ஒரே ஆயுதம்தான். கோயிலில் அதற்குச் சாபம் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் பிரம்பு என்று பெயர்.

அதற்கு முந்தின தலைமுறையின் கதை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்த காலத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்து, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி முதல், எண்பதில் ஒரு பங்காகிய காணி, பதினாறில் ஒரு பங்காகிய மாகாணி என்றெல்லாம் சின்னப் பிள்ளைகள் வாயாலேயே கணக்குப் போட்டார்கள். காரி நாயனார் செய்த கணக்கதிகாரம் என்ற நூலில் நிலம், பொன், நெல் எல்லாவற்றுக்கும் கணக்கு வழி சொல்லியிருக்கின்றது. (பலாப்பழத்தை அறுக்காமலே, காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளை எத்தனை என்று தெரிந்துவிடும் என்றும் அதில் இருக்கின்றது. இதை நம்புகின்றவர்கள் பழத்தை அறுத்து எண்ணிப் பார்த்துவிட்டு நம்பட்டும். சுளையை நமக்கும் அனுப்பட்டும்.) இவ்வளவு கணக்கு நாட்டில் இருந்தும் அந்தத் திண்ணையில் ஏறி உட்காரும் உரிமை எத்தனை பேருக்கு இருந்தது? உழுதவனுக்கும் பறை அடித்தவனுக்கும் துணி வெளுத்தவனுக்கும் இருந்ததா? பெண்களுக்கு இருந்ததா? நமது பாட்டனாருக்கு நிலம் இருந்தது, கணக்கு இல்லை. கிராமக் கணக்கர் வீட்டு வாசலில் நின்று, அவர் படித்துச் சொன்ன தீர்வையைக் கட்டிவிட்டு, அவர் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று சாகும் வரையில் அவருக்குத் தெரியாது. நிலம் வைத்திருந்தவனைவிட அந்த நிலத்தைப் பற்றிய ஏடு வைத்திருந்தவன் பெரியவனாக இருந்தான். அந்தப் பழைய கிராம உத்தியோகங்கள் தமிழ்நாட்டில் 1980-ல்தான் ஒழிக்கப்பட்டு, பரீட்சை எழுதி வருகின்ற கிராம நிர்வாக அலுவலர் என்கின்ற ஏற்பாடு வந்தது. பயம் மாத்திரம் பேரன் வரைக்கும் வந்துவிட்டது. "எங்க பரம்பரைக்கே கணக்கு வராது சார்" என்று நம்மிடம் சொல்லுகின்றவர்கள் எத்தனை பேர்! ஏணியை எடுத்து வைத்துக்கொண்டவன், மேலே ஏறத் தெரியாதவன் என்று கீழே நிற்பவனைச் சொன்னான். கீழே நின்றவனும் அதை நம்பிவிட்டான்.

"கணக்கு மூளை" என்கின்ற பேச்சு வரும்போதெல்லாம் ராமானுஜத்தின் பெயரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவருக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைச் சொன்னாள் என்று அவரே சொன்னதாகவும் சொல்வார்கள். சொல்லியிருக்கலாம். அவருடைய நம்பிக்கை அவருக்கு. நாம் கேட்பது வேறு. கும்பகோணத்தில் அவர் கார் என்பவருடைய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கணக்குகளைத் தாமே போட்டுப் பார்த்தாரே, சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து அழித்து விடையை மாத்திரம் நோட்டில் எழுதினாரே, அந்த உழைப்பு எந்தத் தாயார் செய்தது? தாயார் சொன்னதானால், பகா எண்களின் பரவலைப் பற்றி அவர் 1913-ல் இங்கிலாந்திலிருந்த ஹார்டிக்கு எழுதியதில் பிழை எப்படி வந்தது? தெய்வத்துக்கும் பிசகுமா? ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ராமானுஜம் மற்றக் கணிதக்காரர்களைப் போலவே காரணகாரியத்தோடு யோசித்தவர் என்பதே அவருடைய அபிப்பிராயம். ஜாதியில் கணக்கு இருக்கின்றது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே தெருவில் அதே ஜாதியில் அதே வருஷம் பிறந்த மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு ஏன் வரவில்லை?

ராமானுஜத்தின் கதையில் நமக்குப் பிடித்த பாகம் இவர்கள் சொல்லாத பாகமேயாகும். 1907-ல் வி. ராமசாமி அய்யர் என்ற டிப்டி கலெக்டர் இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தார். அந்தச் சங்கத்தின் பத்திரிகையில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், யார் வேண்டுமானாலும் பதில் அனுப்பலாம் என்று ஒரு பகுதி இருந்தது. கல்லூரிப் பரீட்சையில் தவறி, வேலையின்றி அலைந்துகொண்டிருந்த ராமானுஜம் 1911-ல் அதில் கேள்விகள் போட்டார். அதில் ஒன்று 289-வது கேள்வி. ஒன்றோடு இரண்டு மடங்கு ஒரு வர்க்கமூலம், அந்த மூலத்துக்குள் ஒன்றோடு மூன்று மடங்கு இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் ஒன்றோடு நான்கு மடங்கு இன்னொன்று என்று முடிவேயில்லாமல் போகின்ற வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன என்பது கேள்வி. மாதக்கணக்கில் யாரும் பதில் அனுப்பவில்லை. பிறகு அவரே சொன்னார்: மூன்று.

பயப்படவேண்டாம், இதை நமது திண்ணையிலேயே ஒரு பையன் புரிந்துகொண்டான். மும்மூன்று ஒன்பது. ஒன்பது என்பது ஒன்றும் இருநான்கும் சேர்ந்தது. நந்நான்கு பதினாறு. அது ஒன்றும் மூவைந்தும் சேர்ந்தது. ஐயைந்து இருபத்தைந்து. அது ஒன்றும் நாலாறும் சேர்ந்தது. ஒவ்வொரு எண்ணும் தனக்கு அடுத்த எண்ணை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்கின்றது. மூன்றைத் திறந்தால் நான்கு, நான்கைத் திறந்தால் ஐந்து. திறந்துகொண்டே போகவேண்டியதுதான். விடை தெரிந்த பிறகு எளிதுதான். அதைக் கண்டவர் பெரியவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. பட்டம் இல்லாதவனே வெளியே போ என்று அந்தப் பத்திரிகை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நமது திண்ணையில் பள்ளிப் பிள்ளைகள் கேட்கின்ற கேள்விகளுக்கு வருவோம். சிட்லபாக்கத்திலிருந்து வரும் எட்டாவது படிக்கும் பெண் ஒன்று, "மைனஸை மைனஸால் பெருக்கினா பிளஸ்னு மிஸ் சொல்றாங்க. ஏன் அண்ணா?" என்று கேட்டது. நாம் இப்படிப் போட்டுக் காட்டினோம். ஒருவனுடைய பெட்டியிலிருந்து நாள் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் வெளியே போகின்றது. அது மைனஸ் இரண்டு. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் பெட்டியில் ஆறு ரூபாய் குறைந்திருக்கும். அதாவது மூன்றையும் மைனஸ் இரண்டையும் பெருக்கினால் மைனஸ் ஆறு. இப்போது காலத்தைப் பின்னுக்குத் தள்ளு. மூன்று நாளைக்கு முன் என்பது மைனஸ் மூன்று. அன்றைக்கு அந்தப் பெட்டியில் இன்றைக்கு இருப்பதைவிட ஆறு ரூபாய் அதிகம் இருந்திருக்கும், குறைவாக அல்ல. அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, "அப்போ இது விதி இல்ல, நடந்தது" என்றது. பூஜ்யத்தால் ஏன் வகுக்கக்கூடாது என்று இன்னொரு பையன் கேட்டான். ஆறு இட்டிலியிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் மூன்று தடவையில் தீரும். பூஜ்யம் பூஜ்யமாக எடுத்தால் எப்போது தீரும் என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான்.

மழைக் கணக்கும் வந்தது. 2015 டிசம்பர் 1-ந் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த வெள்ளத்தை முடிச்சூர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். அதில் வீட்டுச் சாமான்களைப் பறிகொடுத்த ஒரு பெரியவர், "தண்ணீரை லிட்டரில் அளப்பார்கள், மழையை மட்டும் துணி அளப்பதுபோல் ஏன் சென்டிமீட்டரில் அளக்கிறார்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பெய்த தண்ணீர் ஓடாமலும் மண்ணில் இறங்காமலும் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே அந்த அளவு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். 49 சென்டிமீட்டர் என்றால் 490 மில்லிமீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 490 லிட்டர். ஒரு கிரவுண்டு மனை 223 சதுர மீட்டர். ஆகவே அந்த ஒரு நாளில் ஒவ்வொரு கிரவுண்டின் மேலும் விழுந்தது ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கின்ற தண்ணீர் லாரியில் ஒன்பது லாரி! பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் தெருவில் நாற்பது மனை. முந்நூற்று அறுபது லாரித் தண்ணீரை ஓர் அடி அகலக் கால்வாயில் விட்டிருக்கிறார்கள்" என்றார். வெள்ளம் வருண பகவானின் கோபம் என்று அதுவரையில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கால்வாயை யார் போட்டது, ஏரிக்கு நீர் போகும் வழியை மனையாக விற்றது யார் என்று கேட்கப் போகின்றாராம். தாம்பரம் 2021-ல் மாநகராட்சியானது. அங்கே கேட்கட்டும்.

சோதிடக் கேள்விகளும் வருவதுண்டு. "ராகுகாலமும் கணக்குத்தானே?" என்று ஒருவர் மடக்கினார். கணக்குத்தான், ஆகையால் கணக்காகவே பார்ப்போம் என்றோம். திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம் என்று நாட்காட்டித் தாள் சொல்லுகின்றது. பகலை எட்டாகப் பங்கிட்டு ஒரு பங்கு ராகுவுக்கு. சூரியன் ஆறுக்கு எழுந்து ஆறுக்கு விழுந்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி. ஆனால் சென்னையில் பகல் டிசம்பரில் 11 மணி 22 நிமிஷம், ஜூனில் ஏறக்குறைய 12 மணி 53 நிமிஷம். பங்கு 85 நிமிஷத்திலிருந்து 97 நிமிஷம் வரை மாறுகின்றது. நாட்காட்டியில் மட்டும் வருஷம் முழுதும் ஒன்றரை மணி. சூரிய உதயத்திலிருந்து கணக்கிடவேண்டும் என்று பஞ்சாங்கக்காரர்கள் சொல்வார்கள். சரி, கணக்கிடட்டும். 1906-க்கு முன்னால் சென்னைக் கடிகாரம் இப்போதைய கடிகாரத்துக்கு ஒன்பது நிமிஷம் பிந்தி இருந்தது. யுத்தத்துக்காக 1942 முதல் 1945 வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்தார்கள். சர்க்கார் முள்ளைத் திருப்பினால் ராகுவும் திரும்பிவிடுமா? அது போகட்டும். திங்கட்கிழமை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகும் மின்சார ரயிலில் கால்வைக்க இடமிருக்கின்றதா? அவ்வளவு பேரும் ராகுகாலத்தில் புறப்பட்டவர்கள்தானே! சம்பளம் பிடிப்பான் என்கின்ற கணக்கு ராகுவின் கணக்கைவிடப் பலமாக இருக்கின்றது. கேட்டவர் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போகின்றவர். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

பெண்களுக்குக் கணக்கு வராது என்று அந்த ஓய்வுபெற்ற கனவான் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் பூக்கார அம்மாளைப் பார்த்த பார்வையில் சொன்னார். அவர் வீட்டு வாசலிலேயே மார்கழியில் "பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டில் நிறுத்து" என்று கோலம் போடுகின்றார்கள். நடுவில் பதினைந்து, இருபக்கமும் பதினான்கு, பதின்மூன்று என்று எட்டு வரையில். மொத்தம் எத்தனை புள்ளி என்று அவர் எண்ணாமல் சொல்லட்டும் பார்ப்போம். 169. இந்தக் கோலங்களுக்குள் இருக்கின்ற விதிகளைத் தாம்பரத்திலேயே, 1937-ல் இங்கே வந்த சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில், கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்ற பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, கோலத்தை ஒரு பாஷையின் இலக்கணம்போல் விதிகளாக எழுதிக் கணிப்பொறி சாஸ்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. லட்சுமி உள்ளே வருவதற்கென்று போட்ட கோலத்துக்குள் கணிதம் இருந்தது. லட்சுமி எத்தனை வீட்டுக்குள் வந்தாள் என்பது வேறு விஷயம். வாசலில் குனிந்து நின்றவர்களுக்குத் தாங்கள் செய்வது கணக்கு என்று அதற்குமுன் யாரும் சொன்னதில்லை.

ஆட்சேபணை சொன்ன நமது தோழர்களுக்கு மேலே சொன்னதுதான் பதில். கனவானுக்குத் தனியாகப் பதில் ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அவரும் வரட்டும். சிலேட்டு இன்னொன்று வாங்கி வைத்திருக்கின்றோம். நாம் பிசகினால் திருத்தட்டும்.

பூக்கார அம்மாள் தண்டலை அடைத்துவிட்டார். இப்போது ஏலச்சீட்டில் சேர்ந்து வேறொரு கணக்கைக் கொண்டுவந்திருக்கின்றார். இருபது பேர், மாதம் ஆயிரம், இருபது மாதம். முதல் மாதம் ஒருவர் ஆறாயிரம் தள்ளி, பதினாலாயிரத்துக்கு எடுத்திருக்கின்றார். நடத்துபவர் கமிஷன் ஆயிரம் போக மிஞ்சிய ஐயாயிரத்தை இருபது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 250. ஆகவே அந்த மாதம் 750 கட்டினால் போதும். "நான் எந்த மாசம் எடுத்தா நஷ்டமில்ல?" என்பது அவருடைய கேள்வி. மாதாமாதம் தள்ளு மாறுகின்றபடியால் இப்போதே சொல்ல நம்மால் முடியவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, ஒவ்வொரு மாதமும் யார் எவ்வளவு தள்ளினார்கள் என்று மகளை எழுதவைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கின்றோம். மூன்று மாதத்துக்கு எழுதியிருக்கின்றார்கள்.